இருபத்தஞ்சு முகூர்த்தம், ஒரே மாப்பிள்ளை

எங்க சந்தப்பேட்டைத் தெருவுல கோகிலவாணிக்கு மொத்தம் இருபத்தஞ்சு தடவ கல்யாணம் ஆச்சு, மாப்பிள்ளை ஒருத்தர்தான், தாலி ஒண்ணுதான், பந்தலும் ஒண்ணுதான், இருபத்தஞ்சு தடவயும் மொதப் பந்தியில உக்காந்து சாப்பிட்டவ நான் ஒருத்திதான், அதனால இதைச் சொல்றதுக்கு என்னைய விட்டா தெருவுல ஆள் கிடையாது. எம்பேரு வசந்தாமணி. தெரு முக்குல இருக்குற மாவு மில்லு என்னோடது. வாய் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும், மில்லுச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பேசிப் பழகுன வாய் இது.

கோகிலவாணி எங்க தெருவுல கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்குற பொண்ணு. ஜெராக்ஸ், பத்திரிகை அடிக்கிறது, சர்ட்டிபிகேட்டுக்கு விண்ணப்பம் போடுறது, எல்லாம் அவதான். வயசு முப்பத்திரண்டு. பதினோரு பேரு பொண்ணு பாக்க வந்து, பஜ்ஜி தின்னு, காப்பி குடிச்சு, ஊருக்குப் போயி போன் பண்றோம்னு போனவங்க போனவங்கதான். பன்னெண்டாவதா, எதுத்தாப்புல மோட்டாருக்குக் காயில் கட்டுற பூபதி வந்தப்ப, அவ அம்மா ருக்குமணி சரின்னா, இவளும் சரின்னா. எப்படிச் சரின்னான்னா, கம்ப்யூட்டர்ல ஒரு பெட்டி வந்து நின்னா என்ன எழுதியிருக்குன்னு படிக்காமயே ஓகேயை அமுக்குவோமில்ல, அப்படி.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்குறப்ப அவ கம்ப்யூட்டர்ல ஹார்டு டிஸ்க் செத்துப்போச்சு. ஈரோட்டுல இருந்து ரிப்பேர்காரர் அன்வர் வந்து, தொறந்து பாத்து, உச்சுக் கொட்டி, ஒரு பென் டிரைவை எடுத்துச் சொருகி, "இனிமே உன்ற கம்ப்யூட்டரே இதுக்குள்ளதான் தங்கச்சி, இதுல இருந்தேதான் எந்திரிக்கும், நீ செய்யுற வேலையெல்லாம் இதுலயே நிக்கும், அணைச்சாலும் போகாது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. பத்து நாள் அவர் சொன்ன மாதிரியே நின்னுச்சு. பொறவு ஆயுத பூஜை வந்துச்சு.

எங்க தெருவுல ஆயுத பூஜைன்னா கத்திரிக்கோல் தப்பாது, தராசு தப்பாது, சைக்கிள் பம்பு தப்பாது, அன்னைக்குக் காலையில கருகிப்போன என்ற மில்லு மோட்டாருக்குக்கூட பொட்டு வெச்சோம்னாப் பாத்துக்கோங்க. கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் மவுசுக்கும் சந்தனம் வெச்சு, பொரிகடலை படைச்சு, தெரு முக்குல பூசணிக்காயையும் உடைச்ச பொறவு, ருக்குமணிக்குத் திடீர்னு ஞாபகம் வந்து, ஐயோ முக்கியமானதை விட்டுட்டமேன்னு ஓடிப்போயி, சந்தனத்தைக் கெட்டியாக் குழைச்சு, மகளுக்குக் கல்யாணம் நல்லபடியா நடக்கோணும்னு வேண்டிக்கிட்டு, பென் டிரைவு மேல கட்டைவிரலால ஒரே அழுத்தா அழுத்தி வெச்சா.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்குக் கோகிலவாணி கம்ப்யூட்டரை அணைச்சா. தெருவும் அதோட சேந்து மடிஞ்சு முந்தின நாள் சாயங்காலத்துக்குப் போயி நின்னுக்கிச்சு.

அவ்வளவுதான் விஷயம். காலையில பெருக்கி அள்ளுன பூசணிக்காய் அதே முக்குல, குங்குமம் ஈரம் காயாம, ஒடஞ்சு கெடந்துச்சு. தின்னு தீத்த பொரி திரும்ப எல்லா ஊட்டுப் படியிலயும் குமிஞ்சிருந்துச்சு. சலூன்ல ஷேவ் பண்ணிட்டு வந்தவங்களுக்குத் தாடி திரும்ப இருந்துச்சு. பூபதி பகலெல்லாம் உக்காந்து காயில் கட்டிக் குடுத்த என்ற மோட்டாரு திரும்பக் கருகி நாறுச்சு. தேதி அது பாட்டுக்குப் போச்சு, மனுசங்க தலைக்குள்ள இருந்தது போகல, மத்தபடி தெருவுல செஞ்சது எதுவும் நிக்கல. தினமும் ஏழு மணிக்கு அணைச்சா, தினமும் பூஜை சாயங்காலம்.

யாரும் மயக்கம் போட்டு விழல. பேரூராட்சியில கூட்டுற பாப்பாத்தி அக்காதான் மொதல்ல வாயைத் தொறந்தா: "எத்தனை நாளைக்கு இந்த ஒரே பூசணிக்காய நான் அள்ளுறது?" நாலாம் நாள் மனு எழுதிக் குடுத்தா. ஆபீசர் வந்து, ஏழு மணி வரைக்கும் சேர் போட்டு உக்காந்து, பூசணிக்காய் வந்ததைக் கண்ணால பாத்து, ரெண்டு கை பொரி அள்ளி வாயில போட்டுக்கிட்டு, இது எந்த ஆபீஸ் பாரத்துலயும் வராதுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுக்குப் பொறவு பாப்பாத்தி அக்கா தொடப்பத்தைச் சாத்தி வெச்சுட்டா.

அப்பறம் தெருவுக்குப் புடிச்சுச்சு பாருங்க ஒரு கிறுக்கு! எப்படியும் ஏழு மணிக்குத் திரும்பிரும்னு தெரிஞ்சதும், நாப்பது வருசம் மீசைய விடாத ஆம்பளைங்க மீசைய எடுத்துப் பாத்து, பாதி மீசைய வெச்சுப் பாத்து, மொட்டை போட்டுப் பாத்து, சலூன்ல இடமே இல்ல. ஊட்டுச் செவுத்துக்குத் தினம் ஒரு கலரு. கண்ணாடித் தம்ளரு ஒடஞ்சா யாரும் திட்டல. ரெண்டு பேரு சண்டை புடிச்சுச் சட்டையக் கிழிச்சுக்கிட்டு, ஏழு மணிக்குச் சட்டை ஒண்ணு சேந்ததும் கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டுப் போனாங்க. நானே பயந்து பயந்து இருபது வருசமா ஓட்டாத ஸ்கூட்டியை எடுத்து, ரெண்டு கம்பத்துலயும் ஒரு எருமை மேலயும் முட்டி, முழங்கால் தேஞ்சு, ஏழு மணிக்கு முழங்கால் பளபளன்னு திரும்பி வந்தவ. எருமைக்கும் ஒண்ணும் ஆகல.

இந்தக் கூத்துக்கு நடுவுல ஐப்பசி பொறந்து, கோகிலவாணி கல்யாணம் வந்துச்சு. பந்தலும் போட்டு, அரிசி, பருப்பு, வெல்லம், விறகு எல்லாம் பூஜைக்கு முன்னாலயே வாங்கி அடுக்கியிருந்தாங்க. காலையில ஆறு மணி முகூர்த்தம். கல்யாணம் செஞ்சு வெக்குற அருமைக்காரர் சென்னியப்பன் வாழ்த்துப் பாடி, பூபதி தாலி கட்டி, சந்தகையும் ஒப்புட்டும் தின்னு தெருவே அசந்துபோச்சு. சாயங்காலம் வெளக்கு வெச்ச நேரத்துக்குக் கரண்டு போச்சு, கம்ப்யூட்டரு அணைஞ்சுச்சு, கோகிலவாணி கழுத்துல கை வெச்சுப் பாத்தா வெறுங்கழுத்து. தாலி ருக்குமணி பீரோவுல டப்பாக்குள்ள இருந்துச்சு. பட்டுவேட்டியோட நின்ன மாப்பிள்ளை கிரீஸ் படிஞ்ச லுங்கியோட நின்னாரு.

"ஐயோ, எம்பட பொண்ணு கழுத்து!"ன்னு ருக்குமணி போட்ட சத்தத்துல என்ற மில்லுச் சத்தமெல்லாம் தோத்துச்சு. தாலி இல்லாம என்ற பொண்ணு அந்த ஊட்டுல ராத்தங்க மாட்டான்னு மகள் கையப் புடிச்சுத் தரதரன்னு கூட்டிட்டு வந்துட்டா. தெருவை விட்டு வேற ஊர்ல வெச்சுக் கட்டலாம்னாங்க, கட்டிட்டு ராத்திரிக்கு இங்கதான வரோணும், வந்தா மடிஞ்சிருமே. கம்ப்யூட்டரை அணைக்காம விடலாம்னாங்க, அந்தி நேரத்துல கரண்டு போகாத நாளே எங்க ஊர்ல கிடையாது. கடைசியா அருமைக்காரர்தான் தொண்டையச் செருமி, "நல்ல நேரம் மொத நாளே பாத்தாச்சு. நிக்கலீன்னா அது தாலியோட குத்தம் இல்ல. நிக்குற வரைக்கும் கட்டுங்க"ன்னாரு.

கட்டுனாங்க. தினமும் காலையில ஆறு மணிக்குக் கட்டுனாங்க. மேளக்காரங்க மூணாம் நாளே சலிச்சுப்போயிட்டாங்க, பொறவு செல்போன்லதான் கெட்டிமேளம். அரிசி மூட்டை குறையல, வெல்லம் குறையல, சமையல்காரருக்கு மட்டும் கைப்பக்குவம் ஏறிக்கிட்டே போச்சு. ஒம்பதாவது கல்யாணத்து ரசத்தை நினைச்சா எனக்கு இப்பவும் நாக்குல ஊறுது. பூபதி மூணு முடிச்சையும் கண் மூடித் தொறக்குறதுக்குள்ள போடப் பழகிட்டாரு. முடிச்சுப் போட்டதும் மாலையோட நேரா என்ற மில்லுக்கு வந்து, மாலைய ஆணியில மாட்டிட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, கருகுன மோட்டாரைப் பிரிக்க உக்காந்துருவாரு. நாலு மணிக்கு மில்லு ஓடும், ஏழு மணிக்குத் திரும்ப நாறும். கோகிலவாணி தாலியோட போயி சென்டரைத் தொறப்பா. மணவறையில உக்காந்திருக்குறப்ப அவ மூஞ்சியப் பாத்தா, பேங்குல டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்குற மாதிரிதான் இருக்கும்.

ஏழாவது கல்யாணத்தன்னைக்கு ருக்குமணி பொறுக்க முடியாம ஈரோட்டுக்கு அன்வருக்குப் போன் போடச் சொன்னா. தெருவே சென்டர் வாசல்ல கூடிருச்சு. அன்வர் போன்ல ஒண்ணொண்ணாக் கேட்டாரு. கம்ப்யூட்டரைப் போடும்போது வர்ற பட்டியல்ல 'சேமி'ங்கறதைத்தான அமுக்குற? ஆமாங்க. உள்ள இடம் நெறைஞ்சுபோச்சா? பாதிகூட நெறையலீங்க. அணைக்காமயே பென் டிரைவை உருவுறியா? இல்லீங்க. "சரி, புதுசா ஒரு பைல் எழுதி வெச்சு, அணைச்சுப் போட்டுப் பாரு, இருக்குதான்னு."

அவ 'நில்லு'ன்னு பேரு வெச்சு ஒரு பைல் எழுதி, அணைச்சா. அணைச்சதும் தெரு மடிஞ்சுச்சு. தாலி போச்சு, எங்க வயித்துல இருந்த மத்தியானச் சாப்பாடு போச்சு, சலூன்ல பாதி வெட்டுன ஆளுக்கு முடி மொளைச்சுச்சு. போட்டுப் பாத்தா பைல் இல்ல. அதை மாத்திப் பாரு, இதை மாத்திப் பாருன்னு அன்வர் சொல்லச் சொல்ல, அன்னைக்கு மத்தியானம் மட்டும் ஒம்பது தடவ அணைச்சா, ஒம்பது தடவ சலூன்காரர் அதே தலையில கத்திரி வெச்சாரு, ஒம்பது தடவ பூசணிக்காய் வந்துச்சு, ஒம்பது தடவ நாங்க பந்திக்கு ஓடுனோம். பத்தாவது தடவ சமையல்காரர் கரண்டிய எடுத்துக்கிட்டு, "இன்னொரு தடவ அணைச்சா நான் ஈரோட்டுக்கே போயி அவனைக் கேட்டுப்புடுவேன்"னு நின்னதும், அன்வர் போனை வெச்சுட்டாரு.

பன்னெண்டாவது கல்யாணத்து மத்தியானம் 'மில் நாலு மணிக்கு மேல் ஓடும்'னு ஒரு பேப்பர் அடிக்கச் சென்டருக்குப் போனேன். தினமும் ஒட்டுவேன், தினமும் காணாமப் போயிரும். கோகிலவாணி பென் டிரைவைக் கிட்டக்க வெச்சுக்கிட்டு, கொண்டை ஊசியால அது பக்கவாட்டுல காஞ்சிருந்த சந்தனத்தைச் சொரண்டிட்டு இருந்தா. சந்தனத்துக்கு அடியில நெல்லு உமியாட்டம் ஒரு சின்னத் தாழ்ப்பா. அதுக்குப் பக்கத்துல பூட்டுப் படம்.

"இதைப் பூட்டுனா உள்ள இருக்குறதைப் படிக்கலாம், புதுசா எழுத முடியாதுங்க்கா. அம்மா அமுக்குனதுல பூட்டிக்கிச்சு, சந்தனம் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. தொறந்துட்டு, அணைச்சுப் போட்டா, அதுல இருந்து நடக்குறதெல்லாம் நிக்கும்."

"அப்பத் தள்ளுடி! என்னத்துக்குப் பாத்துட்டு இருக்குற?"

அவ தள்ளல. சாமி படத்துக்கு முன்னால இருந்த சந்தனத்தைத் தொட்டு, சொரண்டுன இடத்துல திரும்ப அப்புனா. "பதினோரு பேரு என்னையப் பாத்துட்டு வேண்டாம்னாங்க, பன்னெண்டாவது ஆளு பாத்துட்டுச் சரின்னாரு. நான் ஒருத்தரையும் பாத்ததில்லீங்க்கா. இப்பத்தான் பாத்துட்டு இருக்கேன். கொஞ்ச நாள் யாருகிட்டயும் சொல்லாதீங்க."

எனக்கு ரகசியம்னா வயித்துவலி. இருந்தாலும் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு வாய மூடிக்கிட்டேன். என்ற மோட்டாரு நாள் தவறாமக் கருகுச்சு, வாயத் தொறந்தா அது நிக்கும், தொறக்கல. அவளும் சும்மா சொல்லல, நெசமாத்தான் பாத்தா. பதிமூணாவது கல்யாணத்துல இருந்து அவ மணவறையில குனிஞ்சே உக்காரல. அந்த ஆளு எப்படி எலையில இருக்குறதை மிச்சம் வெக்காம சாப்பிடுறாரு, அருமைக்காரர் திட்டுனா எப்படித் தலையச் சொறியுறாரு, எல்லாத்தையும் பாத்தா. மாவு அரைக்க வர்றேன்னு வெறும் தூக்குப்போசியத் தூக்கிக்கிட்டு மில்லுக்கு வந்து நின்னுக்கிட்டு அவர் காயில் சுத்துறதைப் பாத்தா. ஒரு தடவ ரெண்டு பேரும் எதுக்கோ சிரிச்சாங்க. எதுக்குன்னு கேட்டேன், சொல்ல மாட்டேனுட்டாங்க.

இருபத்திநாலாவது கல்யாணத்தன்னைக்குத்தான் நான் சனியன் புடிச்சவ கெடுத்தேன். பூபதி செப்புக் கம்பியச் சுத்திக்கிட்டு, நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டுன்னு எண்ணிக்கிட்டு இருந்தாரு. பண்டம் அரைக்க வந்தவங்க வாசல்ல நின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. எனக்குக் கடுப்பு. "ஏப்பா, எப்படியும் ஏழு மணிக்குக் கருகப் போவுது, பாதிச் சுத்துச் சுத்தி விட்டா ஆகாதா?"ன்னேன்.

"அப்படிச் சுத்தக் கை வராதுங்க்கா"ன்னாரு. நான் பேசுனதுல எண்ணிக்கை தப்பிப் போச்சுன்னு மொத்தத்தையும் உருவிட்டு ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சாரு பாருங்க, எனக்குத் தலைக்கேறிருச்சு.

"கை வராதாம், கை! அங்க ஒருத்தி அந்தப் பூட்டைத் தள்ளுனா என்ற மோட்டாரும் நிக்கும், நீ கட்டுன தாலியும் நிக்கும், பன்னெண்டு நாளாத் தெரிஞ்சுக்கிட்டே கம்முன்னு உக்காந்திருக்கா!"

சொன்ன பொறவு நாக்கைக் கடிச்சு என்ன பிரயோசனம்? அவர் என்னைய நிமுந்துகூடப் பாக்கல. சுத்தி முடிச்சாரு. வார்னிஷ் அடிச்சாரு. மோட்டாரை ஓட்டிக் காட்டுனாரு. ஆணியில இருந்த மாலைய எடுக்காமப் போயிட்டாரு.

மறுநாள் காலையில ஆறு மணிக்குப் பந்தல்ல மாப்பிள்ளை இல்ல. செல்போன்ல கெட்டிமேளம் அது பாட்டுக்கு அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுச்சு. ருக்குமணி தலையில கை வெச்சு உக்காந்துட்டா. நான் ஓடிப்போயி கோகிலவாணி காதுல எல்லாத்தையும் சொல்லி, செருப்பால வேணாலும் அடிடின்னு அழுதேன். அவ அடிக்கல, அழுகல, பட்டுச்சேலையோட எந்திரிச்சு, ரோட்டைத் தாண்டி பூபதி பட்டறைக்கு நடந்தா. நாங்க பத்தடி தள்ளிப் பின்னால போனோம், காது கேக்குற தூரம்.

அவர் ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. "தினமும் தலை முழுகி, ஊரு முன்னால நான் கட்டிட்டே இருக்கேன். நீ அதை அழிச்சுட்டே இருந்திருக்குற. வேண்டாம்னா மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல, கோகிலா?"

"அழிச்சேங்க. தப்புத்தான்"னா. "வேண்டாம்னு இல்லீங்க. நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியாம நிக்க வெக்கப் பயமா இருந்துச்சு."

"இப்பத் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுதுங்க. வசந்தாமணி அக்கா மோட்டாருக்கு ஏழு மணிக்கு மேல உசுரு இல்லைன்னு தெரிஞ்சும், இத்தனை நாள்ல நீங்க ஒரு சுத்துக் குறைக்கல. நேத்து என்ற விஷயம் தெரிஞ்ச பொறவும் மிச்சத்தைச் சுத்தி முடிச்சுட்டுத்தான் போனீங்களாம். நிக்காததுக்கே இப்படிச் செய்யுற ஆளு, நிக்குறதுக்கு எப்படிச் செய்வாருன்னு நெனச்சேன். எனக்கு இது நிக்கோணுமுங்க. நெசமாவே நிக்கோணும்."

பாப்பாத்தி அக்கா என்ற முந்தானையில மூக்கைச் சிந்துனா. பூபதி கையில இருந்த கம்பியச் சுருட்டி ஓரமா வெச்சாரு.

"நானும் உன்னையப் பாக்கல"ன்னாரு. "பன்னெண்டாவது ஆளா வந்து, பஜ்ஜி தின்னுட்டு, அம்மா சொன்னதுக்குச் சரின்னவன்தான் நானும். எனக்கும் ஒரு நாள் குடு. இன்னைக்குக் கல்யாணம் வேண்டாம், உக்காரு, காப்பி வாங்கிட்டு வர்றேன்."

அன்னைக்குப் பகல் பூரா ரெண்டு பேரும் எதிரெதிரா ஸ்டூல் போட்டு உக்காந்து பேசுனாங்க. நாலு தடவ அந்தப் பக்கம் போயும் எனக்கு ஒண்ணும் கேக்கல. ஏழு மணிக்குக் கால் மணி இருக்குறப்ப பூபதி வெளிய வந்து, எங்க மொத்தப் பேரையும் பாத்து, வெக்கப்பட்டுக்கிட்டு, "நாளைக்கு"ன்னாரு.

கோகிலவாணி தெருவையே கூட்டி வெச்சு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா. ருக்குமணி தன்னோட கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டா. பொறவு கோகிலவாணி சந்தனத்தைத் தொடச்சா, தாழ்ப்பாளைத் தள்ளுனா, அணைச்சா, தெரு கடைசியா ஒரு தடவ மடிஞ்சுச்சு, தாழ்ப்பா மட்டும் மடியாமத் தொறந்தே இருந்துச்சு, திரும்பப் போட்டா. பாப்பாத்தி அக்கா தொடப்பத்தோட ஓடிப்போயிப் பூசணிக்காயக் கூட்டி அள்ளுனா. இவ 'நில்லு'ன்னு எழுதி வெச்சு அணைச்சுப் போட்டா. 'நில்லு' அங்கயே நின்னுச்சு. தெரு முக்கும் சுத்தமாவே இருந்துச்சு. நாங்க போட்ட கூச்சல்ல எருமை அவுத்துக்கிட்டு ஓடுச்சு.

ஆனா கூச்சல் அடங்குனதும் ஒரு பயம் வந்துச்சு பாருங்க. இனிமே செய்யுறதெல்லாம் நிக்கும். இத்தனை நாள் பாதி மீசை வெச்சுத் திரிஞ்சவங்க சலூன் பக்கமே போகல. தம்ளரை ரெண்டு கையாலயும் புடிச்சு எடுத்தாங்க. புருசன் பொண்டாட்டி ஒருத்தருக்கொருத்தரு வாங்க போங்கன்னு பேசிக்கிட்டாங்க. நான் ஸ்கூட்டியத் தொட்டுக்கூடப் பாக்கல.

காலையில ஆறு மணிக்குப் பந்தல்ல ஒருத்தர் மூஞ்சியிலயும் ஈ ஆடல. இருபத்திநாலு தடவ வெச்ச ரசத்தைச் சமையல்காரர் உப்புக் கரிக்க வெச்சுட்டாரு. இருபத்திநாலு தடவ பாடுன வாழ்த்தை அருமைக்காரர் பாதியில மறந்துட்டு முழிச்சாரு. பூபதி தாலிய எடுத்தாரு. கண் மூடித் தொறக்குறதுக்குள்ள மூணு முடிச்சுப் போட்ட கை, மசுருக் கனத்துக் கம்பியெல்லாம் சுத்துற கை, வெடவெடன்னு நடுங்குது. மொத முடிச்சுப் போட்டாரு, நழுவுச்சு. திரும்பப் போட்டாரு, திரும்ப நழுவுச்சு. நெத்தி வேர்வை அவ தோளுல சொட்டுச்சு. அருமைக்காரர் பல்லைக் கடிக்கிறாரு, ருக்குமணி சாமியெல்லாத்தையும் பேர் சொல்லிக் கூப்பிடுறா.

கோகிலவாணி அவருக்கு வாகாத் தலைய இன்னும் கொஞ்சம் குனிஞ்சு குடுத்தா. இருபத்திநாலு தடவயும் காஞ்சு கெடந்த அந்தக் கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது, வாய் சிரிக்குது.

"மெதுவாக் கட்டுங்க. நாளைக்கும் நான் இருப்பேன்."